கண்மாய்க் கரை ஏன் கோணலாக இருக்கிறது?

மதுரையைச் சுற்றியுள்ள நிலத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் மாடக்குளம், தென்கால், நிலையூர் என்று கண்மாயாகத் தெரியும். பெரும்பாலானவற்றின் கரை கோணிக்கொண்டுதான் கிடக்கிறது. வெட்டியவர்களுக்கு நேராக வெட்டத் தெரியாமல் இல்லை.

வைகை தென்கிழக்காக ஓடுகிறது. நிலமும் ஏறக்குறைய அப்படியே சாய்கிறது. சாய்வு கண்ணுக்குத் தட்டுப்படாது. கிலோமீட்டருக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பள்ளத்தை மறித்து 3 மீட்டர் ஆழம் தேக்கினால், நீர் மேட்டுப் பக்கமாக 3 கிலோமீட்டர் பரவி நிற்கும். அந்தப் பக்கம் கரையே வேண்டாம்.

கரையை நேர்கோடாகப் போட்டால் என்ன? இரண்டு முனைகளையும் சுற்றிக்கொண்டு நீர் ஓடிவிடும். அதனால்தான் முனைகள் மேட்டை நோக்கி வளைகின்றன. தாம்பாளத்தைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்: தாழ்ந்த பக்கத்து விளிம்பு மட்டும்தான் வேலை செய்யும். சரி, மூலை வைத்துத் திருப்பியிருக்கலாமே? அதே நீளக் கரை வில்லாக வளைந்தால் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். மண் சுமந்த தலைகளுக்கு எத்தனை கூடை மிச்சம்!

கரைமேல் நடந்தால் இன்னொன்று புரியும். நடுவில், மடை இருக்கும் இடத்தில், வயல் வெகு கீழே கிடக்கும். முனையை நெருங்க நெருங்கக் கரையின் மேல்மட்டம் மாறாது; தரைதான் மேலேறி வந்து காலடியைத் தொடும். மிகுநீரை வெளியேற்றும் கலுங்கைப் பல கண்மாய்களில் இந்த முனைப்பக்கம் வைத்தது கெட்டிக்காரத்தனம். அங்கே மறுகால் பாயும் நீர் அதிக உயரத்திலிருந்து விழாது, மண்ணை அரிக்காது. அந்த நீர் வீணாவதுமில்லை. அடுத்த கண்மாய்க்குப் போகிறது.

கால்வாயின் கோணலும் இதே கணக்குதான். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை வந்து, மேற்கே போன நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைக்குத் திரும்பியது. வைகையில் உள்ள பேரணையிலிருந்து கள்ளந்திரி, மேலூர்ப் பக்கம் வரும் பெரியாறு பிரதானக் கால்வாய் நேராகவா வருகிறது? ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கற்பனைக் கோட்டைச் சமமட்டக் கோடு என்பார்கள். இத்தகைய கால்வாய் அந்தக் கோட்டை ஒட்டி, மெல்ல மெல்ல மட்டும் இறங்குகிறது. கிலோமீட்டருக்கு ஒரு சாண் இறக்கம் இருந்தாலே தண்ணீர் நடக்கும். குறுக்கு வழியில் பள்ளத்துக்கு இறக்கிவிட்டால், அதற்கு மேலே இருக்கும் வயல்களுக்கு அந்த நீர் பம்புசெட் இல்லாமல் ஏறாது.