கைமாறிய மண், காலியான லயம்

தீம்பாருக்குப் பின் – தொடர் 9

1981 செப்டம்பர் 7, திங்கள்கிழமை. லண்டன் பங்குச் சந்தை திறந்து நான்கு மணி நேரம் ஆவதற்குள், மலாயாவில் தோட்டங்கள் நடத்திய கத்ரி கம்பெனி கைமாறிவிட்டது. வாங்கியது மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பி.என்.பி. தொடங்கி மூன்றே வருடம் ஆன நிறுவனம் அது. ஏறத்தாழ இரண்டு லட்சம் ஏக்கர் ரப்பரும் செம்பனையும் ஒரே காலைப் பொழுதில் கோலாலம்பூரின் கணக்குக்கு வந்து சேர்ந்தன. லண்டன் பத்திரிகைகள் இதைத் திடீர்த் தாக்குதல் என்று அலறின. பங்குச் சந்தைக்காரர்கள் இனி எவரும் இப்படிச் செய்ய முடியாதபடி விதிகளையே திருத்தினார்கள். காரியத்தை முன்னின்று முடித்தவர் அப்துல் காலிட் இப்ராஹிம், வயது 34. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தாறு வருடம் கழித்து சிலாங்கூரின் ஈஜோக்கில் நம் தோட்டத்துத் தமிழர்களிடம் ஓட்டுக் கேட்டு வரப்போகிறவர் இவர்தான்.

சென்ற வாரம் 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் நிறுத்தியிருந்தோம். அன்று வெள்ளைக்காரத் துரைகளிடம் கேட்ட கோரிக்கைகளில் பாதியாவது, முதலாளி உள்நாட்டுக்காரன் ஆனதும் தானாக நிறைவேறிவிடும் என்று ஒரு தலைமுறையே நம்பியிருந்தது. ஆனால் 1981-இல் அந்தத் திங்கள்கிழமை தோட்டங்களில் ஒன்றும் நடக்கவில்லை. விடியுமுன் பெரட்டு எனும் அணிவகுப்பு, மேற்பார்வை மண்டோர் பெயர் கூப்பிட்டார், ஆட்கள் தங்கள் மர நிரைக்குப் போனார்கள். முதலாளி மாறிய சேதி தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு வந்து சேர நாளாயிற்று. வந்த பிறகும் அதற்கு என்ன அர்த்தம் என்பது விளங்க இன்னும் பத்து வருடம் ஆயிற்று.

இந்தக் கைமாற்றத்தின் வேர் அதற்கும் முன்னே. 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பின், 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. இன வேறுபாடு பாராமல் வறுமையை ஒழிப்பது அதன் முதல் நோக்கம். ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு குறிப்பிட்ட தொழில் என்ற நிலையை மாற்றுவது இரண்டாவது. 1970-இல் பங்கு மூலதனத்தில் மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்கு இருந்தது 2.4 விழுக்காடு. அதை 1990-க்குள் 30 ஆக்க வேண்டும். இந்தியர் பங்கு அப்போது ஒரு விழுக்காட்டை ஒட்டி. அதற்கு இலக்கு எதுவும் இல்லை. அந்நியர் கையில் இருந்தது அறுபது விழுக்காட்டுக்கும் மேல். அதில் பெரிய பகுதி தோட்டங்கள். ஆகவே தோட்டங்களை வாங்குவது கொள்கையின் நேர்வழி. அதில் குற்றம் காண நான் வரவில்லை. நாட்டின் மண் நாட்டுக்குத் திரும்பியது நியாயமே. மண்ணோடு சேர்ந்து வந்த மனிதர்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்று ஒருவரும் யோசிக்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

கோல சிலாங்கூர் கடற்கரையிலிருந்து கிழக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் இது கண்ணுக்கே தெரியும். தஞ்சோங் காராங்கிலும் செகிஞ்சானிலும் நெல்வயல். செகிஞ்சான் சீன விவசாயிக்குச் சொந்தமாக ஒரு துண்டு வயல் உண்டு. நாட்டிலேயே நல்ல விளைச்சல் தரும் வயல்களில் சேர்த்தி. அதை வைத்து மகனைப் படிக்க வைத்தான், அரிசி ஆலை போட்டான், இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கு அறையும் வாடகைக்கு விடுகிறான். உள்ளே வந்தால் புக்கிட் செராக்கா, இன்னும் உள்ளே போனால் கெடாங்சா, சுஹார்த்தோ: இவை அரசின் ஃபெல்டா நிலத்திட்டங்கள். அங்கே குடியேறிய மலாய்க் குடும்பத்துக்குச் சுமார் பத்து ஏக்கர் மரமும் ஒரு வீடும். கடனை அடைத்ததும் பட்டா அவன் பேரில். இவற்றுக்கு நடுவில்தான் நம் தோட்டங்கள். அதே செம்பனை, அதே குலை, அதே மழை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவன் நிலக்காரன் ஆனான். இந்தப் பக்கம் இருந்தவன் நாட்கூலியாகவே இருந்தான். கிராமப்புற மேம்பாட்டுப் பணம் தோட்டத்துக்குள் நுழையவில்லை, ஏனென்றால் சட்டப்படி தோட்டம் தனியார் நிலம். சாலை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் கம்பெனியின் தயவு.

இதே காலத்தில் இன்னொரு பெரிய தேசமும் தன் பொருளாதாரத்தைத் திருப்பிப் போட்டது. 1978 கடைசியில் சீனாவின் அன்ஹுய் மாநிலத்துச் சியாவ்காங் கிராமத்தில் பதினெட்டுக் குடியானவர்கள் கம்யூன் நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்ள ரகசியமாக ஒப்பந்தம் போட்டார்கள். கட்சி பின்னர் அதையே கொள்கையாக்கியது. சில வருடங்களில் கம்யூன்கள் கலைந்தன. கோடிக்கணக்கானோர் கடலோரத் தொழிற்சாலைகளுக்குக் கிளம்பினார்கள். நகரத்தில் அவர்களுக்குக் குடியிருப்புப் பதிவு இல்லை, பிள்ளைக்குப் பள்ளி கிடைப்பது கஷ்டம், கொடுமைகள் நிறைய. ஆனால் ஊரில் ஒரு துண்டு நிலத்தின் பயன்பாட்டு உரிமை அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே இருந்தது. 2008 நிதி நெருக்கடியில் ஆலைகள் மூடியபோது இரண்டு கோடித் தொழிலாளர்கள் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள் என்று அந்த அரசே சொன்னது. திரும்ப ஓர் ஊர் இருந்தது. பத்தாங் பெர்ஜுந்தைத் தோட்டத்துக்காரனுக்கு வேலை போனால் திரும்ப எந்த ஊர்? பாட்டன் கப்பலேறி விட்டுவந்த சேலம், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலா? அங்கே இவனைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

லயம் என்பது சம்பளத்தின் ஒரு பகுதி. வேலை இருக்கும்வரை வீடு. அந்த வீட்டோடு கோயில், ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி, சுடுகாடு எல்லாம் ஒரே முடிச்சில். முடிச்சு அவிழ்ந்தால் ஒரே நாளில் எல்லாமே போகும். அந்நாளில் 55 வயதில் ஓய்வு பெற்றவர் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது; அதனால் மகனோ மருமகளோ தோட்ட வேலையில் பெயர் கொடுத்தார்கள். வீட்டைக் காப்பாற்றப் பிள்ளையின் படிப்பு நின்ற குடும்பங்கள் எத்தனையோ. தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீடு வேண்டும் என்ற பேச்சு பிரதமர் துன் ரசாக் காலத்திலேயே தொடங்கியது. பேச்சு நீண்டது.

செம்பனை இங்கே புதிதல்ல. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே இந்தக் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் எஸ்டேட்தான். 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியே நட்டது. (அவர் மலாயாவை வைத்து எழுதிய நாவலுக்கு 1930-இல் கோன்கூர் பரிசு கிடைத்தது.) ரப்பர் விலை சரிந்த அறுபதுகளிலும் எழுபதுகளிலும்தான் நிரை நிரையாகப் பால்மரம் விழுந்து செம்பனை எழுந்தது. பால் வெட்டில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு நிரை எடுப்பார்கள். செம்பனைக்கு ஏக்கருக்கு வேண்டிய ஆட்கள் குறைவு. குலை வெட்டுவது ஆண் வேலை. பெண்களுக்கு மிஞ்சியது உதிரிப் பழம் பொறுக்குவது, உரம் போடுவது, முதுகில் தோம்பு சுமந்து மருந்து அடிப்பது. அந்த மருந்து பெண்களின் நகத்தையும் மூச்சையும் என்ன செய்கிறது என்று பெண்ணுரிமை அமைப்பான தெனாகானித்தா 2002-இல் ஆய்வு வெளியிட்டது. அதில் ஒன்றான பாராகுவாட் களைக்கொல்லிக்கு முழுத் தடை வந்தது 2020-இல்.

எண்பதுகளில் இந்தோனேசியரும் பிறகு வங்காளதேசிகளும் குத்தகைக்காரர் மூலம் வந்தார்கள். தோட்டச் சம்பளம் அசையவில்லை. மாதச் சம்பளம் கேட்டுத் தொழிற்சங்கம் பல பத்தாண்டுகள் போராடி, 2003-இல் கிடைத்தது 350 வெள்ளி. அதற்குள் இளசுகள் கிளம்பிவிட்டன. தொழிற்பேட்டை எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளின் பஸ் தோட்டத்து வாசலுக்கே வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. அப்பா ஒரு மாதம் குலை வெட்டி வாங்கியதை மகள் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து சம்பாதித்தாள். கல்யாணத்தில் அவள் பேச்சு எடுபட ஆரம்பித்தது. தொண்ணூறுகளில் ரவாங் பக்கம் பெரோடுவா கார் ஆலை வந்தபோது பையன்களுக்கும் ஒரு வழி திறந்தது. இதையெல்லாம் சொல்லாமல் லயத்துக்காக ஒப்பாரி மட்டும் வைப்பது பொய். அந்த லயத்தில் எந்தச் சாதிக்கு எந்த வரிசை என்பது எழுதாத சட்டமாக இருந்தது. துரை வரும்போது சைக்கிளை விட்டு இறங்கி நின்ற காலம் அது. அதைவிட்டு வெளியேறியதில் ஒரு மானமும் இருந்தது.

ஆனால் தானாக வெளியேறுவது வேறு, வெளியேற்றப்படுவது வேறு. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை வந்ததும் மண் மரத்தைவிட விலை கூடியது. 1980-க்கும் 2000-க்கும் இடையில் நாடு முழுவதும் மூன்று லட்சம் பேர் வரை தோட்டங்களை இழந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. புக்கிட் பெருந்தோங்கில் புதுநகரம் எழுந்தது. 1997 நெருக்கடியில் வரிசை வரிசையாக ஆளில்லா வீடுகள் நின்றன. வீடில்லாத ஜனம் ஒரு பக்கம், ஜனமில்லாத வீடு மறுபக்கம். மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்கள் பெர்ஜாயா குழுமத்தின் கைக்குப் போயின. 2005 முதல் கோலாலம்பூர் குப்பை லாரி லாரியாக வந்து கொட்டப்படுவது அந்தப் புக்கிட் தாகாரில்தான். அந்த ஐந்து தோட்டத்து மக்கள் வீடு கேட்டு மனு மேல் மனுவாகக் கொடுத்துக் கால் நூற்றாண்டு காத்திருந்தார்கள்.

அரசியலுக்கு வருவோம். தோட்டம் இருந்தவரை மலேசிய இந்தியர் காங்கிரசுக்கு (ம.இ.கா.) வேலை சுலபம். கிளைத் தலைவர் பெரும்பாலும் மண்டோராகவோ தொழிற்சங்கத் தலைவராகவோ இருப்பார். ஒரு லயத்துக்கு ஒரு சொல் போதும், பெட்டி நிறையும். தாமான் குடியிருப்புகளிலும் அடுக்குமாடிகளிலும் சிதறிய பிறகு அந்த ஒரு சொல் யார் காதிலும் விழவில்லை. விழுந்தவர்களுக்கும் ம.இ.கா. நிறுவனமான மைக்காவின் பங்குப் பத்திரம் பெட்டியடியில் கிடந்தது நினைவுக்கு வந்தது.

2007 ஏப்ரல் 28 ஈஜோக் இடைத்தேர்தல் பழைய முறையின் கடைசி வெற்றி. வாக்காளர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் இந்தியர். ம.இ.கா. நிறுத்தியது கே. பார்த்திபனை. எதிரே கெஅடிலான் கட்சி நிறுத்தியது வேறு யாரையும் அல்ல, கத்ரியை வாங்கித் தந்த அதே காலிட் இப்ராஹிமை. பிற்பாடு அந்தக் கம்பெனிக்கே தலைமை நிர்வாகியாக இருந்தவர், தோட்டத்துக்காரனிடம் ஓட்டுக் கேட்டு வந்தார். பிரசார நாட்களில் சாலைக்குத் தார் விழுந்தது, விளக்குக் கம்பம் நடப்பட்டது. பார்த்திபன் 1,850 ஓட்டில் ஜெயித்தார். இந்தியர் ஓட்டு பெரும்பாலும் ம.இ.கா. இருந்த பாரிசான் கூட்டணியின் தராசுச் சின்னத்துக்கே. ம.இ.கா. அதை அன்பு என்று எடுத்துக்கொண்டது. அது தார்ச் சாலைக்கான ரசீது.

ஏழு மாதம் கழித்து, நவம்பர் 25, இந்து உரிமை அமைப்பான ஹிண்ட்ராஃப் கூப்பிட்ட பேரணியில் பல்லாயிரம் தமிழர்கள் கோலாலம்பூர் வீதியில் கண்ணீர்ப்புகைக்கும் தண்ணீர் பீரங்கிக்கும் நடுவில் நின்றார்கள். கோயில் உடைப்பு உடனடிக் காரணம். ஆனால் வந்தவர்களில் எத்தனையோ பேர் தோட்டம் விட்டுப் புறம்போக்குக் குடிசைக்கும், அங்கிருந்து மலிவு அடுக்குமாடிக்கும் தள்ளப்பட்டவர்களின் பிள்ளைகள். 2008 மார்ச் 8 பொதுத் தேர்தலில் ம.இ.கா. தலைவர் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். உலு சிலாங்கூரில் அதே கட்சியின் ஜி. பழனிவேல் 198 ஓட்டில் தோற்றார். ஈஜோக்கில் காலிட் ஜெயித்து சிலாங்கூரின் மந்திரி பெசார், அதாவது மாநில முதல்வர், ஆனார். தோட்டங்களை அரசுக்கு வாங்கித் தந்தவரை, தோட்டம் இழந்தவர்களின் ஓட்டும் சேர்ந்து நாற்காலியில் உட்கார வைத்தது. இதில் முரண் இருப்பதாக நம் ஆட்கள் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. 1981-இல் அவர் தம் வேலையைச் செய்தார். லயத்துக்காரனின் வீட்டைக் கேட்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள். இரண்டே வருடத்தில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலில் 1,725 ஓட்டு வித்தியாசத்தில் பி. கமலநாதன் தொகுதியை ம.இ.கா.வுக்கு மீட்டுத் தந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஓட்டு இப்போது யாருக்கும் குத்தகை இல்லை.

அந்த ஐந்து தோட்டத்து மக்களுக்கு 245 வீடுகள் என்ற திட்டம் அன்வார் இப்ராஹிம் ஆட்சியில்தான் உருப்பெற்றது. வரவேற்கிறேன். ஆனால் அது ஐந்து தோட்டத்துக்கான ஏற்பாடு, சட்டம் அல்ல. தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம், வேலையில் இருப்பவனின் வீட்டுக்கு எத்தனை அறை, எவ்வளவு தண்ணீர் என்று விவரமாகச் சொல்கிறது. வேலை முடிந்த மறுநாள் அவன் எங்கே போவான் என்பதற்கு அதில் விடை கிடையாது. இன்று லயங்களில் குடியிருக்கும் வங்காளதேசித் தொழிலாளிக்கு வீடு மட்டுமல்ல, நாட்டில் தங்கும் அனுமதியே முதலாளியின் கையில்.

மைக்கா பங்குக்காகத் தாலியை அடகு வைத்தவர்களின் கணக்கு அடுத்த வாரம்.