புதுவகை இனிப்புகளும் நமது கடைச் சரக்கும்

பண்டிகைக் காலத்தில் நம் கடைகளுக்கு வரும் மளிகைச் சீட்டில் கடலை மாவும் சர்க்கரையும் நெய்யும் முதலிடம் பெறுவது வழக்கம். இப்பொழுது அந்தச் சீட்டின் அடியில் சைனா கிராஸ், கஸ்டர்ட் பவுடர், கண்டென்ஸ்டு மில்க், கொக்கோ பவுடர் ஆகிய பெயர்களும் சேர்ந்து வருகின்றன. இல்லத்தரசிகளும் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவர்களும் மேல்நாட்டு இனிப்புகளை நம் நாட்டு மணத்தோடு கலந்து செய்வதே இதற்குக் காரணம். இளநீர் புட்டிங், ரசமலாய் கேக், குலாப் ஜாமூன் சீஸ் கேக், பில்டர் காபி திராமிசு என்று இவ்வகைகள் பெருகி வருகின்றன. இவற்றுக்கான சரக்குகளைப் பற்றி நம் உறுப்பினர்கள் அறிய வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

இக்கலப்பு புதிதன்று

ஜப்பானில் 1874-ஆம் ஆண்டு கிமுரா என்ற ரொட்டிக் கடைக்காரர், மேல்நாட்டு ரொட்டிக்குள் தம் நாட்டுச் சிவப்புப் பயறின் இனிப்பு விழுதை வைத்து ‘ஆன்பான்’ என்ற பண்டத்தை உருவாக்கினார். அது இன்றும் அங்கே விற்பனையாகிறது. அமெரிக்காவில் 1927-ல் ஹாரி பேக்கர் என்பவர் வெண்ணெய்க்குப் பதிலாகச் சமையல் எண்ணெய் சேர்த்து ‘சிபான் கேக்’ செய்தார். சிங்கப்பூர், மலேசியா மக்கள் அதே கேக்கில் ரம்பை இலைச் சாற்றையும் தேங்காய்ப் பாலையும் சேர்த்துத் தங்கள் பண்டமாகவே ஆக்கிக்கொண்டனர்.

இரண்டிலும் உருவம் மேல்நாட்டுடையது. மணமும் சுவையும் உள்நாட்டுடையவை. மணம் சற்றுக் குறைந்தாலும் உண்ணலாம். உருவத்தைத் தரும் சரக்கு மாறிப்போனால் பண்டமே கிடையாது. எனவே, கேட்ட பொருள் இல்லாதபோது “இதுவும் அதுதான்” என்று வேறொன்றை எடுத்துக் கொடுக்கும் பழக்கம் இந்த வியாபாரத்துக்கு ஆகாது.

சைனா கிராஸும் ஜெலட்டினும்

சைனா கிராஸ் என்று நாம் விற்பது புல் அன்று, கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. மன்னார் வளைகுடாவில் இராமநாதபுரம் மாவட்டப் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசி இதற்கு மூலப்பொருள்களில் ஒன்று. ஜெலட்டினோ விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. இரண்டும் திரவத்தைக் கட்டியாக்கும் என்பதால் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைக் கொடுப்பவர்கள் உண்டு. சைவ உணவுக்காரருக்கும் ஹலால் பார்த்து வாங்கும் முஸ்லிம் அன்பர்களுக்கும் இது வெறும் சரக்கு மாற்றம் அன்று, நம்பிக்கைத் துரோகம். பெட்டியின் மேல் பச்சை வட்டம் இருந்தால் சைவம், பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம் என்பதைக் கடைப் பையன்களுக்கும் சொல்லி வைப்பது நலம்.

சமையலிலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. சைனா கிராஸை ஊறவைத்து, கொதிக்கவைத்துக் கரைக்க வேண்டும். வெளியில் வைத்தாலே உறையும், நம் ஊர் வெயிலிலும் இளகாது. ஜெலட்டினை வெந்நீரில் கரைத்தாலே போதும், கொதிக்கவிடக் கூடாது. குளிர்பெட்டியில்தான் உறையும், வெளியில் எடுத்தால் இளகும். பச்சை அன்னாசி, பப்பாளி சேர்த்தால் ஜெலட்டின் உறையவே உறையாது. சைனா கிராஸ் உறையும்.

இளநீர் புட்டிங் கேட்டு வருபவருக்கு அளவைச் சொல்லிக் கொடுங்கள். சைனா கிராஸ் 10 கிராம், பால் அரை லிட்டர், கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், வழுக்கையோடு அரைத்த இளநீர் ஒரு பெரிய டம்ளர். கரைத்த சைனா கிராஸைச் சூடான பாலில் ஊற்ற வேண்டும். குளிர்ந்த பாலில் ஊற்றினால் திரிதிரியாகிவிடும். இளநீரையும் குளிர்ச்சி போனபின் கடைசியில் கலக்க வேண்டும்.

கார்ன்ப்ளவரும் மக்காச்சோள மாவும்

பெயர்க் குழப்பத்தால் அதிகம் திரும்பி வருவது இச்சரக்கு. கார்ன்ப்ளவர் என்பது மக்காச்சோளத்தின் ஸ்டார்ச். வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும். மக்காச்சோள மாவு மஞ்சளாக, சற்றுக் கொரகொரப்பாக இருக்கும். புட்டிங்குக்கு முன்னதே வேண்டும். கஸ்டர்ட் பவுடரும் நிறமும் மணமும் சேர்த்த கார்ன்ப்ளவரே. முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக 1837-ல் இங்கிலாந்தில் ஆல்பிரட் பேர்ட் உருவாக்கியது அது. “முட்டை இருக்குமோ?” என்று தயங்குபவருக்குப் பெட்டியிலுள்ள பச்சைக் குறியைக் காட்டி இதையும் சொல்லலாம்.

கருப்பட்டி, தேங்காய்ப் பால், ஏலக்காய்

கருப்பட்டி, வெல்லப் பாகைக் கொதிக்கும் பாலில் ஊற்றினால் பால் திரியும். பாயசம் வைக்கும் நம் தாய்மார்கள் இதை அறிவர். புதிதாகப் புட்டிங் செய்பவர்களுக்குத் தெரியாது. பாகை வடிகட்டி, இரண்டும் ஆறியபின் கலக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழி நம் கருப்பட்டியின் மேல் விழும்.

டின் தேங்காய்ப் பாலில் குளிர்காலத்தில் கொழுப்பு மேலே உறைந்து நிற்கும். அது கெட்டுப்போனதன்று, வெந்நீரில் டின்னைச் சற்று வைத்துக் குலுக்கினால் சேர்ந்துவிடும்.

ஏலக்காய்ப் பொடியின் மணம் விரைவில் பறந்துவிடும். ஆகவே முழு ஏலக்காயைச் சிறு பாக்கெட்டுகளாக விற்பதே நமக்கும் வாங்குபவருக்கும் நல்லது.

கொள்முதலில் கவனம்

கேக்கின் மேல் பூசும், பால் சேராத விப்பிங் கிரீமைப் பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். மின்தடை அடிக்கடி வரும் ஊரில், நல்ல ப்ரீசர் இல்லாதவர்கள் இதில் கை வைக்க வேண்டாம். சாக்லேட் கட்டிகளில் கொக்கோ வெண்ணெய் உள்ளது ஒரு வகை. வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த ‘காம்பவுண்ட்’ மற்றொரு வகை. விலை வேறு, தரம் வேறு; எது என்று சொல்லி விற்க வேண்டும்.

மொத்தமாக வாங்கிச் சிறு பாக்கெட் போடுபவர்கள் சரக்கின் பெயர், எடை, தேதி, சைவ அசைவக் குறி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றை விடாமல் அச்சிட வேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மட்டும் வாங்கி, நகர்வதைப் பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். சைனா கிராஸை மட்டும் ரம்ஜானுக்கு முன்பே இருப்பு வைப்பது நல்லது. நோன்பு மாதத்தில் கடற்பாசி செய்யும் வீடுகள் நம்மிடையே பல உண்டு.

பெரிய கடைகளில் அலமாரி நிறையச் சரக்கு உண்டு. வீட்டு வாசலுக்கே அனுப்பி வைப்பவர்களும் வந்துவிட்டார்கள். ஆனால் “இது உறையுமா, இது சைவமா, எத்தனை கிராம் போட வேண்டும்?” என்ற கேள்விக்கு நின்று பதில் சொல்ல அங்கே ஆளில்லை. நம் கல்லாவில் ஆள் இருக்கிறார். பத்து ரூபாய்ச் சரக்குக்காக வந்தவர் புட்டிங் நன்றாக வந்ததென்றால், அடுத்த மாதச் சீட்டை முழுவதுமாக நம்மிடமே கொடுப்பார். விற்கும் பொருளின் குணம் அறிந்து விற்போம், வாடிக்கையை நிலைநிறுத்துவோம்.