குறி தவறியது யாரால்?

ஜெர்மனியில் பதினாறு வயது நிரம்பிய பிள்ளை வேட்டைக்கான இளையோர் உரிமம் பெறலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அதைவிடச் சின்னப் பிள்ளைகளும், பெரியவர் ஒருவர் கூடவே இருக்க, துப்பாக்கியோடு காட்டுக்குள் போகிறார்கள். அங்கத்திய வேட்டைக்காரர்களிடம் புழங்கும் புத்திமதி ஒன்று உண்டு: துப்பாக்கியில் மிச்சம் பிடித்தாலும் பிடி, அதன்மேல் மாட்டும் ஸ்கோப்பில் மட்டும் மிச்சம் பிடிக்காதே. நம் ஊரில் வேட்டைக்கு இடமே கிடையாது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், 1991-இல் அதில் செய்த திருத்தமும் அந்தக் கணக்கை முடித்துவிட்டன. ஜவ்வாது மலை அடிவாரத்து ஏரியில் ஏர்கன்னால் ஒரு கொக்கை வீழ்த்தினாலும் சட்டத்தின் கண்ணில் அது வேட்டைதான். கொக்கு சின்னது, பையன் சின்னவன் என்ற சமாதானம் எடுபடாது. 21 வயதுக்குக் குறைந்தவர் துப்பாக்கி வைத்திருக்க 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அனுமதிப்பதில்லை. பயிற்சிக்கு மட்டும் விதிகளுக்கு உட்பட்ட விலக்கு உண்டு. ஆனாலும் அந்தப் புத்திமதிக்குள் இருக்கும் கேள்வி நமக்கும் உரியதே. கற்றுக்கொள்ளும் வயதில் இருக்கும் பிள்ளை கையில் நல்ல கருவியைக் கொடுக்க வேண்டுமா, கற்று முடிக்கும் வரை மட்டமானதே போதுமா? வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரையில் நீளும் தோல்தொழில் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் ஸ்கோப்பையே எடுத்துக்கொள்வோம். குழலின் மேல் பொருத்தும் சிறு தொலைநோக்கி அது. பெட்டியில் 4×32 என்று போட்டிருந்தால், குறி நான்கு மடங்கு அருகில் தெரியும், முன்கண்ணாடியின் விட்டம் 32 மி.மீ. என்று பொருள். இந்த இரண்டு எண்களும் மலிவுச் சரக்கின் பெட்டியிலும் இருக்கும், விலை உயர்ந்த சரக்கின் பெட்டியிலும் இருக்கும். வித்தியாசம் இருப்பது பெட்டியில் எழுதாத இடங்களில். பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே பத்துப் பரப்புகள் இருந்தால் கண்ணுக்கு வந்து சேரும் முன்பே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒளி தொலைந்துபோகும். இதைத் தடுக்கும் பூச்சை 1935-இல் ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா உருவாக்கினார். இன்று எல்லா ஸ்கோப்பிலும் ஏதோ ஒரு பூச்சு இருக்கிறது. எத்தனை பரப்புக்கு, எத்தனை அடுக்கு என்பதில்தான் விலை ஏறுகிறது. அதைவிட முக்கியமானது, ஒருமுறை சரிசெய்து வைத்த குறி அங்கேயே நிற்கிறதா என்பது. சுருள்வில் ஏர்கன் சுடும்போது முதலில் பின்னால் உதைக்கும். உள்ளே இருக்கும் பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் இழுக்கும். இந்த இரட்டை உதறலில் மலிவான ஸ்கோப்பின் உள்ளுறுப்புகள் தளர்ந்துவிடும். நேற்று நடுவில் பாய்ந்த குண்டு இன்று இரண்டு விரற்கடை தள்ளிப் பாயும். வெளியே பார்த்தால் ஒரு கீறல்கூடத் தெரியாது.

கற்றுக்கொள்பவரை இந்த இடம்தான் கவிழ்க்கிறது. அனுபவசாலி கையில் மட்டமான கருவி இருந்தால், கோளாறு கருவியில் என்று நாலு குண்டுக்குள் கண்டுபிடித்துவிடுவார். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. குண்டு இடப்பக்கம் போனால், தான் விசையைச் சுண்டி இழுத்ததாலா, மூச்சைப் பிடிக்காததாலா, ஸ்கோப் நகர்ந்ததாலா என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. தன்னிடம் இல்லாத பிழையைத் திருத்தப் போய்த் தேவையில்லாத பழக்கம் ஒன்றைக் கற்றுக்கொள்ளும். இருக்கும் பிழையைக் கருவியின் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகவும் இருந்துவிடும். இரண்டுமே கேடு. நல்ல கருவி பிள்ளையைத் திறமைசாலி ஆக்கிவிடாது. அது செய்வது ஒன்றே ஒன்று: ஒரே மாதிரிச் செய்தால் ஒரே மாதிரிப் பதில் தரும். அதனால் பிழை யாருடையது என்பது தெரிந்துவிடும். புதியவருக்குத்தான் நல்ல கருவி அதிகம் தேவை என்று நான் வாதிடுவது இதனால்தான்.

இதற்கு நம் பக்கத்து மலையிலேயே ஒரு சான்று உண்டு. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறினால் வரும் காவலூரில் 1972-இல் ஜைஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியை நிறுவினார்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்த நேரத்தில் அந்தத் தொலைநோக்கி அதைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. உலகின் வேறு இடங்களிலும் அன்று அப்படிப் பதிவானது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. சந்தேகத்துக்குரிய கருவியாக இருந்திருந்தால், அந்தச் சில நொடி மங்கலை மேகம் என்றோ மின்னிணைப்புக் கோளாறு என்றோ ஒதுக்கிவிட்டிருப்பார்கள்.

துப்பாக்கி சுடுதல் விளையாட்டிலும் இதே கதைதான். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் தொலைநோக்கி ஸ்கோப்புக்கே அனுமதி இல்லை. சின்னத் துளை வழியாக முனையிலிருக்கும் வளையத்தைக் குறியோடு பொருத்த வேண்டும். குறியின் நடுப்புள்ளி 0.5 மி.மீ. அகலம். குண்டின் விட்டமோ 4.5 மி.மீ. அபினவ் பிந்த்ரா 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மூன்றாமிடத்தில் இறுதிக்குத் தகுதி பெற்று ஏழாவதாக முடித்தார். அவர் நின்ற இடத்தில் தரை ஓடு ஒன்று தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரியவந்தது. 2008 பெய்ஜிங்கில் இறுதிச் சுற்றுக்கு முன்பு சோதனைக் குண்டு ஒன்று நடுவிலிருந்து வெகுதூரம் விலகிப் பாய்ந்தது. குறி பார்க்கும் அமைப்பு எப்படியோ நகர்ந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு, சில நிமிடங்களில் சரிசெய்துகொண்டு, தங்கம் வென்றார். தன் துப்பாக்கி வழக்கமாக என்ன செய்யும் என்பதை அணு அணுவாக அறிந்திருந்ததால்தான் ‘இது நான் இல்லை’ என்று அவரால் சொல்ல முடிந்தது. ஏதென்ஸில் காலுக்குக் கீழே இருந்தது அவருக்குத் தெரியாத பொருள். அங்கே அந்தத் தெளிவு கிடைக்கவில்லை.

காலுக்குக் கீழே என்று சொன்னதும் ஆம்பூருக்கு வந்துவிட்டோம். ரைஃபிள் சுடுபவரின் உடம்பில் இருப்பதில் பெரும்பங்கு தோலும் கேன்வாஸும்தான்: விறைப்பான ஜாக்கெட், கால்சட்டை, இடது கையில் திண்டு வைத்த கையுறை, தட்டை அடியுள்ள பூட்ஸ். சர்வதேச விதிகள் இவற்றை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கின்றன. ஜாக்கெட் துணி ஓரடுக்கில் 2.5 மி.மீ. தாண்டக் கூடாது. கையுறையின் மொத்தக் கனம் 12 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பூட்ஸின் அடிப்பாகம், விதியில் சொன்ன விசையைக் கொடுத்தால் குறைந்தது 22.5 பாகையாவது வளைய வேண்டும். வளையாவிட்டால் போட்டியில் நிற்க முடியாது. விறைப்பு அதிகமானால் குற்றம், குறைந்தால் உடம்பு ஆடும். இந்த இடைவெளிக்குள் ஒரு பொருளைக் கொண்டுவந்து நிறுத்துவது எப்படி என்று தெரிந்த கைகள் இந்தியாவில் எங்கே இருக்கின்றன என்றால், இந்த வட்டாரத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆம்பூர் வட்டாரத்தின் உண்மையான சொத்து தரம் பிரிக்கும் கண் என்பது என் கருத்து. இயந்திரத்தை யாரும் இறக்குமதி செய்துவிடலாம். டேனரியில் பதனிட்ட தோலை மேசைமேல் விரித்து ‘செலக்‌ஷன்’ போடுகிறவர், வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்து, உள்ளங்கையால் ஒருமுறை வழித்து, அடுக்கு பிரிக்கிறார். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, சூடு போட்ட தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு என்று அந்த மாட்டின் வாழ்க்கையே அதில் எழுதியிருக்கும். முதுகுப்பக்கத் தோல் இறுக்கமானது. ஷூவின் முன்பகுதிக்கு அதுதான் போகும். வயிற்றுப்பக்கம் இளகி இழுபடும். கண்ணில் படாத இடத்துக்கு அது. மேற்பரப்பைத் தேய்த்து, நிறம் பூசி, அச்சு குத்திவிட்டால் கழிசல் தோலும் கடையில் முதல்தரம் போலத்தான் மின்னும். மடக்கிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: நல்ல தோலில் மெல்லிய சுருக்கம் விழுந்து மறையும், பூச்சுத் தோலில் வரி விழுந்து அப்படியே நிற்கும். 1970-களில் சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்திய பிறகுதான் இந்த வட்டாரம் முழுத் தோலுக்கும் ஷூவுக்கும் மாறியது. வெளிநாட்டு வாங்குபவரின் சோதனையாளர் ஒரு தையல் விலகியதற்காகப் பெட்டியைத் திருப்பி அனுப்பும் உலகத்தில் இந்தக் கண் இன்னும் கூர்மையானது.

இந்தக் கண்ணை நாம் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதுதான் வருத்தம். தொழிற்சாலையில் தையல் பிரிவில் உட்கார்ந்து ஐரோப்பியக் கால்களுக்கு ஷூ தைக்கும் தாயின் மகன், கடையில் பளபளப்பையும் பெயர்ப்பட்டையையும் பார்த்து ஷூ வாங்குகிறான். தரம் பார்க்கத் தெரிந்தவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். அந்தத் தெரிதல் சம்பளத்துக்கான வேலையாகவே நின்றுவிடுகிறது. ஆம்பூர் நெடுஞ்சாலைக் கடைகளில் ஏற்றுமதியில் கழிந்த ஷூக்கள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் ஒரு ஜோடியை மேசையில் வைத்து ‘இது ஏன் கழிந்தது, சொல்’ என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால், எந்தப் பாடப்புத்தகமும் தராத ஒரு மணி நேரம் கிடைக்கும்.

எதிர்வாதங்கள் வரும், வரட்டும். கைத்திறன் இருந்தால் கருவி எதற்கு என்பது முதலாவது. மலையில் நாட்டுத் துப்பாக்கியால் குறி தவறாமல் சுட்ட பெரியவர்களை உதாரணம் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் ஒரே துப்பாக்கியோடு பல ஆண்டுகள் வாழ்ந்து அதன் கோணல் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தவர்கள். அந்த ஒரு கோணலுக்கு ஏற்றபடி கையை வளைத்துக்கொண்டவர்கள். வேறு துப்பாக்கியைக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அத்தனை ஆண்டுகளைப் பள்ளி முடிக்கும் முன் செலவழிக்க எந்தப் பிள்ளைக்கும் நேரமில்லை. இரண்டாவது, நல்ல கருவியும் கைவிடும் என்பது. மறுக்க முடியாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 19 வயது மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் பழுதாகி நிமிடங்களைத் தின்றது. இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். ஆனால் அங்கே தவறியது எது என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை. 2024-இல் பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வாங்கினார். மட்டமான கருவி இப்படி வெளிப்படையாகப் பழுதாவதில்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொல்லும்.

மூன்றாவது வாதம் பணம். இதுதான் கனமானது. போட்டித்தர ஏர் ரைஃபிள் லட்சங்களில் விற்கிறது. தோல் தொழிலாளி வீட்டில் அந்தப் பேச்சே கேலி. நல்ல கருவி வேண்டும் என்று எழுதுவது வசதி உள்ளவர்களின் ஆசைக்கு நியாயம் கற்பிப்பதாக முடிந்துவிடக் கூடும். ஆனால் நல்ல கருவியை ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? சென்னை, கோவை ரைஃபிள் கிளப்புகளில் பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் துப்பாக்கிகள் உண்டு. சோதனைக்கூட நுண்நோக்கியை எந்த மாணவரும் வீட்டுக்கு வாங்கிப் போவதில்லை. பத்துப் பிள்ளைகளுக்குப் பத்து மட்டக் கருவி வாங்கும் பணத்தில் இரண்டு நல்லதை வாங்கி முறைபோட்டுக்கொள்ளலாம். முறை வரும்வரை காத்திருப்பது ஒன்றும் பிள்ளைகளைக் கெடுத்துவிடாது. உடம்போடு பொருந்த வேண்டியதை மட்டும் பகிர முடியாது. அதில் முதலாவது காலணி. ஆகவே செலவு தொடங்க வேண்டிய இடமும் அதுதான். துப்பாக்கிக்கு மட்டுமான கணக்கு இல்லை இது. ஓட்டத்துக்கும் கபடிக்கும் ஹாக்கிக்கும் பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் இந்த வட்டாரத்தைப் பற்றி எழுதியதாகாது. நல்ல தோல் என்று நாம் தடவிப் பார்க்கும் பொருளின் கழிவு எங்கே போனது? பாலாறு கெட்டதைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அதே ஆற்றுக்காக 2025 ஜனவரியில் மீண்டும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் 2015 ஜனவரியில் கழிவுத் தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். தரம் பார்க்கக் கற்பது மேற்பரப்பின் வழவழப்போடு நிற்கக் கூடாது. நீடித்து உழைக்கும் ஒரு ஜோடி, வருடாவருடம் குப்பைக்குப் போகும் மூன்று ஜோடிகளைவிடக் குறைந்த தோலையும் குறைந்த தண்ணீரையும் கேட்கிறது என்பதையும் அந்தப் பாடத்தில் சேர்க்கலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிலதிபர்களிடம் ஒரு வேண்டுகோள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு விலையில்லாக் காலணி தருகிறது; விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மைதானம் தருகிறது. உங்களிடம் அளவெடுக்கத் தெரிந்தவர்களும், லாஸ்ட் என்னும் கால் அச்சைச் செதுக்கத் தெரிந்தவர்களும், மடக்கிச் சோதிக்கும் இயந்திரங்களும் இருக்கின்றன. மாவட்ட அளவில் விளையாடும் பிள்ளைகளைத் தொழிற்சாலைக்குள் ஒருநாள் அழையுங்கள். செலக்‌ஷன் மேசைக்கு முன் நிற்கவைத்து எது ஏன் கழிகிறது என்று காட்டுங்கள். போகும்போது ஒவ்வொருவர் காலையும் அளந்து, நியூயார்க்குக்கு அனுப்பும் அதே தரத்தில் ஒரு ஜோடி தைத்துக் கொடுங்கள்.