எந்த வருஷத்து வண்டி?

1970-களில் மதராஸில் கார் வாங்க நினைத்த நடுத்தரக் குடும்பத்துக்குப் பட்டியல் மூன்று பெயர்களோடு முடிந்துவிடும். கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர். பம்பாய் குர்லாவில் தயாராகி, எழுபதுகளின் நடுவில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட். மூன்றாவது நம் ஊர்ச் சரக்கு: ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனியின் ஹெரால்டு, பிறகு கேஸல். சின்ன வண்டி என்று பார்த்தால் பின்னால் சொன்ன இரண்டுதான். எது நல்ல வண்டி என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கிடைக்குமா, கிடைத்தால் எப்போது என்பதுதான் வீட்டில் நடந்த பேச்சு.

இன்று நாலரை லட்சம் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறவருக்குக் கிடைப்பதில் கஷ்டமே இல்லை. ஷோரூமில் புது ஆல்டோ நிற்கிறது. அதே பணத்துக்கு ஐந்தாறு வருஷம் ஓடிய ஸ்விஃப்ட், கிராண்ட் ஐ10, டியாகோ எல்லாம் செல்போன் திரையில் வரிசை கட்டுகின்றன. புதுசா பழசா, சின்னதா கொஞ்சம் பெரியதா, பெட்ரோலா சி.என்.ஜி.யா என்று குழம்பி, கடைசியில் விலை குறைவாகத் தெரிவதில் கை வைத்துவிடுகிறோம். பார்க்க வேண்டியது விலைக்கு முன்னால் இன்னொன்று: வண்டி தயாரான வருஷம். ஐம்பது வருஷத்தில் நடந்த பெரிய மாற்றமே அதில்தான் இருக்கிறது.

வருஷம் ஒரு பொருட்டாக இல்லாத காலம்

அறுபதுகளில் வந்த ஃபியட் 1100-க்கும் தொண்ணூறுகளில் விற்ற பத்மினிக்கும் உடம்பு ஏறக்குறைய ஒன்றுதான். அம்பாசடரின் கதை இன்னும் நீளம். 1950-களின் கடைசியில் வந்த அந்தக் கூடு, சில்லறை மாற்றங்களோடு 2014 மே மாதம் வரை தயாரானது. ஆகவே பத்து வருஷத்துப் பழைய வண்டிக்கும் புது வண்டிக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் தேய்மானம் மட்டும்தான். தேய்மானத்துக்கு மருந்து இருந்தது. என்ஜினை போர் பண்ணி, பிஸ்டன் ரிங் மாற்றி, டிங்கரிங் முடித்து, பெயிண்ட் அடித்தால் வண்டி மறுபடி இளமையாகிவிடும். சாமான் புதுப்பேட்டையில் கிடைக்கும். மூன்றே ரக வண்டி ஓடிய தேசத்தில் எந்தச் சின்ன ஊர் மெக்கானிக்கும் மூன்றையும் கரைத்துக் குடித்திருந்தார்.

புது வண்டியின் விலையில் அரசு கை வைத்திருந்தது. தொழிற்சாலைக்கு லைசென்ஸ் தந்த அளவுக்கு மேல் உற்பத்தி கூடாது. பணம் கட்டிப் பதிந்தவர்கள் வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். அதன் விளைவு, உடனே கைக்கு வரும் பழைய ஃபியட்டுக்குச் சில சமயம் புதுசின் பட்டியல் விலையைவிடக் கூடுதல் விலை. பழையது மலிவு என்ற கணக்கே அங்கே செல்லாது.

அப்படிப்பட்ட சந்தையில் வாங்குபவருக்கு இருந்த ஒரே துணை கூட வரும் மெக்கானிக். காலையில் என்ஜின் சூடாகும் முன் சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்வார். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, ரிங் போய்விட்டது என்பார். ஆயில் மூடியைத் திறந்து புகை தள்ளுகிறதா என்று பார்ப்பார். சட்டைப்பையிலிருந்து சின்னக் காந்தத்தை எடுத்துக் கதவிலும் மட்கார்டிலும் வைப்பார். ஒட்டாமல் நழுவினால் உள்ளே தகடு இல்லை, பட்டி. வண்டியைப் பற்றிய முழு உண்மையும் வண்டியின் உடம்பில் இருந்தது. காகிதம் என்றால் ஒரு ஆர்.சி. புக், அவ்வளவுதான். அதற்கு மேல் பேச்சு எல்லாம் புரோக்கரின் 'டாக்டர் ஓட்டின வண்டி சார்'.

1983, 1998

1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்தார். வாங்கியவர் ஹர்பால் சிங் என்ற இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். விலை ஏறக்குறைய 50 ஆயிரம் ரூபாய். 796 சி.சி. என்ஜின், கீழே இருக்கும் கியர், லேசான ஸ்டியரிங். கை வலிக்காமல் கார் ஓட்டலாம் என்று ஊர் கண்டுகொண்டது அப்போதுதான். ஆனால் காத்திருப்பு தீரவில்லை. முன்பதிவு குவிந்தது. ஒதுக்கீடு கிடைத்தவர் வண்டியை எடுத்த கையோடு பிரீமியம் வைத்து விற்றார். பழசு புதுசைவிட விலை கூடும் அதிசயம் எண்பதுகளிலும் தொடர்ந்தது.

அந்த வழக்கத்தை உடைத்தது 1998. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ வந்தது. அதே வருஷம் டேவூ மாட்டிஸ். டிசம்பரில் டாடா இண்டிகா, சின்ன உடம்பில் டீசல் என்ஜினோடு. பத்து வருஷத்துக்கு முன் வாங்குபவர் வரிசையில் நின்றார். இப்போது வண்டிகள் வரிசையில் நின்றன. வங்கிகளும் கார் கடன் தரப் போட்டியிட்டன. புது வண்டி கேட்டதும் கிடைத்தபோது பழைய வண்டியின் விலை சரியத் தொடங்கியது. 2001-இல் மாருதியே ட்ரூ வேல்யூ என்று பழைய கார் விற்பனையில் இறங்கியது.

2006 மத்திய பட்ஜெட் இன்னொரு கோடு போட்டது. நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருந்தால் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறையும் என்றது. டிக்கியை வெட்டிக் குட்டையாக்கிய டிசையர் போன்ற வண்டிகள் பிறந்தது இதனால்தான். நாம் 'சின்ன கார்' என்று சொல்வதன் அளவை இன்றும் தீர்மானிப்பது இந்த வரிக் கோடுதான்.

மலிவாகக் கொடுத்தால் போதும் என்ற எண்ணத்துக்கு 2009-இல் வந்த டாடா நானோ பதில் சொன்னது. ஒரு லட்ச ரூபாய் கார் என்று உலகமே திரும்பிப் பார்த்தது. பத்து வருஷத்துக்குள் உற்பத்தி நின்றது. ஊரிலேயே மலிவான கார் என்ற பட்டத்தோடு வாசலில் நிற்கும் வண்டியை வாங்கப் பலருக்கு மனம் வரவில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல பழைய 800 கிடைக்கும் என்று கணக்குப் போட்டவர்களும் நிறைய.

சட்டம் கிழித்த வருஷக் கோடுகள்

இன்றைய செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஒரே பெயர் கொண்ட இரண்டு வண்டிகள் ஒரே வண்டி அல்ல. 2018 மாடலும் 2022 மாடலும் வெளியே அச்சாக ஒன்றாக இருக்கலாம். உள்ளே சட்டம் வேலை செய்திருக்கிறது.

2019 ஏப்ரல் முதல் விற்கும் எல்லா புது கார்களிலும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். மழை நாளில் அவசரமாக பிரேக் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பது அது. 2019 ஜூலை முதல் டிரைவர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார். 2020 ஏப்ரல் முதல் புகை மாசைக் குறைக்கும் பி.எஸ்.6 என்ஜின். 2022 தொடக்கத்திலிருந்து முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கும் ஏர்பேக். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்தவை, இன்று பங்க்குகளில் ஊற்றும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரப்பர், குழாய்களோடு தயாரானவை.

இந்தக் கோடுகள் ஏன் வந்தன என்று கேட்டால் 2014 நினைவுக்கு வரும். அந்த வருஷம் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவின் பிரபலமான ஐந்து சின்ன கார்களின் அடிப்படை ரகங்களை மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் பூஜ்யம் நட்சத்திரம். அன்று ஏர்பேக் என்பது விலை கூடிய ரகத்தின் அலங்காரமாக இருந்தது. 2025-இல் ஆல்டோ கே10-இன் எல்லா ரகத்திலும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது.

எனவே 2018 வண்டிக்கும் 2020 வண்டிக்கும் 40 ஆயிரம் வித்தியாசம் என்றால், அது இரண்டு வருஷத் தேய்மானத்தின் விலை மட்டும் இல்லை. பிரேக்கின் விலையும் ஏர்பேக்கின் விலையும் அதில் இருக்கிறது. விலை பேசும்போது இதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

வருஷத்தோடு கம்பெனியையும் பார்க்க வேண்டியிருக்கிறது. செவ்ரோலே 2017-இல் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. டட்சன் 2022-இல் போனது. இந்த வண்டிகள் ஓட்ட நன்றாக இருக்கும், விலையும் இறங்கியிருக்கும். ஆனால் பழைய பத்மினிக்குக் கிடைத்ததுபோல் தெருமுனையில் சாமான் கிடைக்காது. வாங்கும் முன் உங்கள் ஊரில் அதைப் பார்க்கும் மெக்கானிக் யார் என்று விசாரித்துவிட வேண்டும்.

புதுசின் கணக்கு, பழசின் கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. கூடவே இருந்த செஸ்ஸும் போனது. அப்போது ஆல்டோ கே10-இன் ஆரம்ப எக்ஸ் ஷோரூம் விலை 3.70 லட்சம் அளவுக்கு இறங்கியது. ஆனால் அது சாலைக்கு வரும் விலை இல்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரி உயர்ந்தபோது, 5 லட்சத்துக்குள் உள்ள காருக்கு 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம் என்று நிர்ணயித்தார்கள். 2018 செப்டம்பர் முதல் புது காருக்கு மூன்று வருஷத்து மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை ஒரேயடியாகக் கட்ட வேண்டும். எல்லாம் சேர்ந்தால் 3.70 லட்சத்து வண்டி நாலரை லட்சத்தை ஒட்டிப் போய்விடும்.

அப்புறம் மதிப்புச் சரிவு. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வண்டிக்கு மதிப்புப் போடும் அட்டவணையின்படி ஆறு மாதம் தாண்டினால் 15 சதவீதம் கழிவு, மூன்றாம் வருஷத்தில் 30, ஐந்தாம் வருஷத்தில் 50. முதல் ஓனர் இந்தச் சரிவைச் சுமந்துவிட்டு, வாழ்நாள் வரியையும் கட்டிவிட்டுத்தான் வண்டியை விற்கிறார். தமிழ்நாட்டுப் பதிவு வண்டி என்றால் அந்த வரியை நீங்கள் மறுபடி கட்ட வேண்டியதில்லை. பழசின் உண்மையான லாபம் இது.

அதைத் தின்பது வட்டி. பழைய காருக்கு வட்டி எப்போதும் கூடுதல். 3 லட்சம் கடன், நாலு வருஷம் என்று வைத்துக்கொள்வோம். 9 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 7,470 ரூபாய். 14 சதவீதம் என்றால் சுமார் 8,200. மொத்தத்தில் 35 ஆயிரம் கூடப் போகும். கடன் வாங்கித்தான் தீர வேண்டும் என்ற நிலையில் பழசு எப்போதும் மலிவு இல்லை. கையில் ரொக்கம் இருப்பவருக்குத்தான் அது மலிவு.

உண்மை இடம் மாறிவிட்டது

அன்றைய மெக்கானிக்கின் காந்தம் இன்றும் வேலை செய்யும். நீலப் புகைக்கு இன்றும் அதே அர்த்தம். ஆனால் இன்று உண்மையில் பாதி காகிதத்திலும் கணினியிலும் இருக்கிறது. டிஜிட்டல் மீட்டரையும் திருப்புகிறார்கள். கம்பெனி சர்வீஸ் பதிவில் ஒவ்வொரு முறையும் எழுதிய கிலோமீட்டரைத் திருப்ப முடியாது. எம்பரிவாஹன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, இன்ஷூரன்ஸ் தேதி எல்லாம் தெரியும். ஆர்.சி.யில் எத்தனையாவது ஓனர், ஹெச்.பி. எனும் கடன் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கடன் முடிந்தும் ஹெச்.பி. நீக்காத வண்டிக்கு வங்கியின் என்.ஓ.சி. இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. பாக்கி அபராதங்களையும் விற்பவர் கட்டி முடிக்கட்டும். படிவம் 29, 30 கையெழுத்தாகி, பேர் மாறும் வரை முழுப் பணமும் தர வேண்டாம். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும் என்பதால் இன்ஷூரன்ஸுக்கும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கறை இருக்கும். சீட்டுக்குக் கீழே அது நகரும் கம்பியில் துரு, கார்ப்பெட்டைத் தூக்கினால் பூஞ்சை வாடை. டெல்லிப் பதிவு டீசல் வண்டி அதிசய விலைக்கு வந்தால், அங்கே பத்து வருஷம் தாண்டிய டீசல் காருக்கு வந்த தடையும், இங்கே பதிவு மாற்றினால் கட்ட வேண்டிய வரியும் நினைவில் இருக்கட்டும்.

மூன்று லட்சத்துக்குள்தான் முடியும் என்றால், 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான, ஒரே ஓனர் ஓட்டிய, சர்வீஸ் பதிவு முழுசாக இருக்கும் சின்ன பெட்ரோல் காரைத் தேடுங்கள். அந்த மூன்று லட்சத்தில் 30 ஆயிரத்தை டயர், பேட்டரி, இன்ஷூரன்ஸுக்கு என்று முதலிலேயே எடுத்து வையுங்கள். நாலரை லட்சம் திரட்ட முடிந்து, அதில் பாதியாவது சொந்தப் பணமாக இருந்து, வண்டியை எட்டு வருஷத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்வீர்கள் என்றால் புதுசே சரி. இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றும் எண்ணம் இருந்தால் புதுசு வீண் செலவு. எதுவானாலும் தயாரான மாதமும் வருஷமும் ஆர்.சி.யிலேயே அச்சாகியிருக்கும். விலை பேச உட்காரும் முன் அந்த வரியைப் படித்துவிடுங்கள்.