கோபுரமும் கணினியும்



கோபுரம் கட்டத் தொடங்கி, முடிக்க வகையின்றிப் பாதியில் நிறுத்தி, ஊராரின் நகைப்புக்கு ஆளான ஒருவனை ஆண்டவர் இயேசு உவமையில் காட்டுகின்றார் (லூக்கா 14:28-30). அடித்தளம் இடுமுன் அவன் அமர்ந்திருந்து செலவைக் கணக்கிடவில்லை. சீடத்துவத்தின் விலையை உணர்த்தும் இவ்வுவமை, பிள்ளைக்கு ஒரு கணினி வாங்கும் வேளையிலும் நமக்கு வழிகாட்டுகின்றது.

மன்னாரிலிருந்து பூநகரி செல்லும் ஏ-32 வீதியில் அமைந்துள்ளது வெள்ளாங்குளம். 2008ஆம் ஆண்டில் போர் நெருங்கியபோது இப்பகுதி மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறினார்கள். எதைக் கொண்டு செல்வது, எதை விட்டுச் செல்வது என்று உடனே தீர்மானிக்க வேண்டியிருந்த காலம் அது. சமையல் பாத்திரங்களையும் கூரைத் தகரங்களையும் உழவு இயந்திரங்களில் ஏற்றிச் சென்ற வன்னி மக்களுக்கு, ஒரு பொருளின் உண்மையான பெறுமதியை எவரும் கற்பிக்கத் தேவையில்லை. பயன்படுவது உடன் வந்தது. பெருமைக்கு உரியது பின்னே கிடந்தது.

ஆயினும் அமைதிக் காலத்தில் அந்த அளவுகோல் நம் கையை விட்டு நழுவிவிடுகின்றது. பிள்ளை உயர்தர வகுப்பில் சேர்ந்ததும், "எதற்காக வாங்குகின்றோம்?" என்ற வினாவுக்கு முன்பாக, "அடுத்த வீட்டில் எது வாங்கினார்கள்?" என்ற வினா எழுகின்றது. தாயின் நகை அடகுக்குப் போகின்றது. வெளிநாட்டில் இரவுபகலாய் உழைக்கும் மாமனுக்குத் தொலைபேசி அழைப்புச் செல்கின்றது. கணினி வீட்டுக்கு வந்த பின்னும் கடன் வீட்டை விட்டுப் போவதில்லை.

பாடக்குறிப்புகள் எழுதவும், கணக்குத் தாள்கள் தயாரிக்கவும், இணையவழி வகுப்பில் அமரவும் 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டி சேமிப்பகமும் கொண்ட சாதாரணக் கணினி போதுமானது. நன்கு பழுதுபார்க்கப்பட்ட பழைய கணினியும் இப்பணிகளைச் செய்யும். ஆனால் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதி முடிவடைந்தமையால், வாங்கவிருக்கும் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று விசாரியுங்கள்; ஏற்காவிடின் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் உதவும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஆகவே மின்கலத்தின் நிலையையும் பாருங்கள். பொறியியல் வரைபடமோ திரைப்படத் தொகுப்போ ஒருவரின் தொழிலானால், விலை உயர்ந்த கணினி அவருக்கு ஆடம்பரமன்று. விலையல்ல, வேலையே அளவுகோல்.

இவ்வளவுகோலைத் தம் வாழ்வில் கைக்கொண்ட இளைஞர் ஒருவரைத் திருச்சபை நமக்குத் தந்துள்ளது. 1991இல் பிறந்து, 2006இல் தமது 15ஆவது வயதில் இரத்தப் புற்றுநோயால் மரித்த கார்லோ அக்குதிஸ் வசதியான இத்தாலியக் குடும்பத்தின் பிள்ளை. கணினி நிரலாக்கத்தைத் தாமே கற்று, உலகெங்கும் நிகழ்ந்த நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையத்தில் கண்காட்சியாக அமைத்தார். இரண்டாவது சோடிக் காலணி வேண்டாம், ஒன்று போதும் என்று அவர் மறுத்ததை அவருடைய தாயார் நினைவுகூர்ந்துள்ளார். கணினியில் விளையாடவும் விரும்பிய அவர், விளையாட்டு நேரத்துக்குத் தாமே வரம்பு விதித்துக்கொண்டார். 2025 செப்டம்பர் 7ஆம் திகதி திருத்தந்தை 14ஆம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். புனித பிரான்சிஸ் தம் செல்வ ஆடைகளைக் களைந்து தந்தையிடம் கொடுத்த நிகழ்வை நினைவூட்டும் அசிசித் திருத்தலத்திலேயே கார்லோவின் உடல் வைக்கப்பட்டுள்ளது.

அன்பான பெற்றோரே, கடைக்குச் செல்லுமுன் ஒரு மாலையில் செபமாலை முடிந்ததும் பிள்ளைகளோடு அமருங்கள். இக்கணினியால் செய்யவிருக்கும் வேலைகளைத் தாளில் எழுதுங்கள். வீட்டின் வருமானத்தையும் கடனையும் மறைக்காமல் பிள்ளைக்குச் சொல்லுங்கள். பெற்றோரின் கணக்கை அறிந்த பிள்ளை, அப்பொருளைப் பொறுப்போடு பயன்படுத்தும். மிஞ்சும் பணம் தங்கையின் படிப்புக்கோ அயலவரின் மருந்துக்கோ உதவட்டும்.

வாங்கும் கணினியின் பெயர் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். அதைக் கொண்டு நம் பிள்ளை கற்ற கல்வியும், பிறருக்குச் செய்த உதவியும் ஆண்டவர் திருமுன் நிலைத்து நிற்கும். தாலந்தைப் பெருக்கிய நல்ல ஊழியரைப் போல நம் பிள்ளைகளும் விளங்க இறைவன் அருள்வாராக.