எழுதாத நேரம் ஏட்டில் ஏறாது



தோட்டத்து வேலையில் நேரத்தைக் கணக்கிடும் பொறுப்பு நம் கையில் இருந்ததில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போனோம், பெயர் கூப்பிட்டார்கள், கிராணியார் செக்ரோலில் பதிந்தார். அந்த ஏட்டில் உள்ளதே சம்பள நாளில் கைக்கு வந்தது.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கு வளர்ந்த பிள்ளைகள் பலர் ஏர்கோன் பழுது பார்த்தல், மின்கம்பி இழுத்தல், தண்ணீர்க் குழாய் சரிசெய்தல் போன்ற வேலைகளுக்குப் போகிறார்கள். காலையில் வேனில் ஏறினால் மாலை வரை வீடு வீடாகச் சுற்றும் வேலை இது. பெரட்டுக் களம் இல்லை. பக்கத்தில் நின்று பார்க்கத் தண்டலும் இல்லை. அப்படியானால் இவர்களுடைய நேரத்தை யார் எழுதுவது? இதையே இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில், வேலை நேரம் என்பது எது? ஏர்கோனைக் கழற்றி மாட்டும் நேரம் மட்டும்தானா? இல்லை. தொழிலாளி முதலாளியின் ஏவலுக்கு உட்பட்டு, தன் விருப்பப்படி போகவர முடியாமல் இருக்கும் நேரம் முழுவதும் வேலை நேரமே என்று நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் கூறுகிறது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1930-இல் செய்த உடன்படிக்கையிலும் இதே கருத்து இருக்கிறது. ஆகவே ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு வேனில் போகும் நேரமும், உதிரிப் பாகம் வரும்வரை காத்திருக்கும் நேரமும் வேலை நேரந்தான். நம் வீட்டிலிருந்து கடைக்கு வரும் நேரம் பொதுவாக இதில் சேராது.

ஓர் உதாரணம் பார்ப்போம். கிள்ளானில் உள்ள ஒரு கடைக்கு ஓர் இளைஞர் காலை 8.30-க்கு வருகிறார். சாமான்களை ஏற்றிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்சுக்குப் போகிறார். வழியில் வாகன நெரிசல். போய்ச் சேர்ந்தால் அடுக்குமாடி வாசலில் காவலாளியிடம் பதிவு. அன்று மூன்று வீடுகள். வீட்டுக்கு ஒன்றரை மணி நேர வேலை. நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. கடைக்குத் திரும்பும்போது மாலை 6.10.

அவர் கையால் வேலை செய்தது நாலரை மணி நேரம். ஆனால் சாப்பாட்டு நேரத்தைக் கழித்தால், அவருடைய வேலை நேரம் 8 மணி 40 நிமிடம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பது சட்டத்தின் வரம்பு. ஆகவே 40 நிமிடம் மிகை நேரம்.

நாற்பது நிமிடந்தானே என்று தோன்றும். மாதச் சம்பளம் 2,080 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதை 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 80 வெள்ளி. 8-ஆல் வகுத்தால் மணிக்கு 10 வெள்ளி. சாதாரண நாளில் மிகை நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 15 வெள்ளி. தினம் 40 நிமிடம் என்றால் 26 நாளில் 17 மணி 20 நிமிடம். அதற்குரிய தொகை 260 வெள்ளி! எழுதி வைக்காததால் ஒரு குடும்பம் மாதந்தோறும் இவ்வளவு பணத்தை இழக்கக்கூடும்.

எழுதுவது கடினமான காரியமன்று. ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும், கைப்பேசியிலும் குறிக்கலாம். புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், வேலை தொடங்கிய நேரம், முடித்த நேரம், சாப்பாட்டு நேரம் ஆகிய ஐந்தையும் அந்தந்த வேளையிலேயே குறிக்க வேண்டும். இரவில் நினைவுபடுத்தி எழுதும் கணக்கு பெரும்பாலும் பிசகும். வேலைச் சீட்டில் வீட்டுக்காரரின் கையெழுத்தும் இருந்தால் அதுவே நல்ல சாட்சி.

சட்டம் இன்னும் சில பாதுகாப்புகளைத் தருகிறது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கலாகாது; குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும். வாரத்துக்கு 48 மணி நேரமாக இருந்த வரம்பு, 2023 ஜனவரி முதல் 45 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. மிகை நேரச் சம்பள உரிமை உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கும், மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளம் பெறுவோருக்கும் உண்டு. முதலாளி ஏடுகளை 6 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். சம்பளத்தில் குறை இருந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஆனால் என்று, எத்தனை மணி என்று கேட்பார்கள். அப்போது நம் நோட்டுப் புத்தகம் பேசும்.

நம் பிள்ளைகளில் சிலர் சொந்தமாகவே இத்தொழிலைத் தொடங்கியிருக்கிறார்கள். இந்தக் கணக்கு அவர்களுக்கும் தேவை. மேலே சொன்ன வேலைக்கு இருவர் போனதாகக் கொள்வோம். ஒன்றரை மணி நேரத்தை மட்டும் கணக்கிட்டால் ஒரு வீட்டுக்கு இருவர் கூலி 30 வெள்ளி. ஆனால் முழு நாளுக்கும் இருவருக்குத் தர வேண்டியது 180 வெள்ளி. மூன்று வீடுகளுக்குப் பகிர்ந்தால் வீட்டுக்கு 60 வெள்ளி. பெட்ரோலும் டோலும் தனி. பயண நேரத்தை எழுதாதவர் பாதிக் கூலியைத் தன் கைப்பணத்திலிருந்து கொடுக்கிறார். வேலை நிறைய இருந்தும் கடன் ஏன் குறையவில்லை என்று திகைக்கிறார்.

நேரத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று கேட்கலாம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று கேட்பதற்கு அவர்கள் கொடுத்த விலை அது. இன்று அந்த வரம்பு சட்டத்தில் இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது, ஒரு பென்சிலை எடுப்பது மட்டுமே.

பெற்றோர்களே, வேலைக்குப் போகும் மகனிடமோ மகளிடமோ ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். சம்பள நாளன்று சம்பளச் சீட்டையும் அந்தப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள்.