சோழ வில்லாளிக்கு என்ன நிறம் அடிப்பது? மழைநாள் மேசையில் ஒரு மினியேச்சர் போர்

ஜூலை மாதம், குன்னூர். காலையிலிருந்து விடாத மழை. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நெட்டும் வந்து வந்து போகிறது. என்னதான் பண்றது?

இப்படிப்பட்ட நாட்களுக்கென்றே ஒரு பொழுதுபோக்கு இருக்கிறது. கட்டைவிரல் நுனி அளவே உள்ள போர்வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவது, பிறகு அவர்களை மேசையில் அணிவகுத்து ஒரு பழைய போரை விளையாடுவது. பெயர் ‘ஹிஸ்டாரிக்கல் வார்கேமிங்’. வரலாற்று மேசைப்போர் என்று சொல்லலாம்.

இது எங்கிருந்து வந்தது?

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்யாவில் ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்காக ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்ற வரைபடப் போர் விளையாட்டு உருவானது. 1913-ல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற புத்தகத்தை எழுதிய எச்.ஜி.வெல்ஸ், பொம்மை வீரர்களை வைத்து ஆடும் விளையாட்டைப் பொதுமக்களிடம் கொண்டுபோனார். நாவலாசிரியர் வெல்ஸேதான்!

இன்று பரவலாக இருக்கும் அளவு 28 மி.மீ. பகடை உருட்டி, அளவு டேப்பால் தூரம் அளந்து படைகளை நகர்த்துவார்கள். 1990-ல் வெளியான ‘டிபிஏ’ விதிகளில் ஒரு படைக்கு 12 அணிகள் போதும். அதன் படைப் பட்டியலில் தமிழர் படைக்கும் இடம் உண்டு.

குறுக்குவில் வீரர்கள் ஏன் பிரபலம்?

ஐரோப்பிய இடைக்காலப் படை என்றால் ‘கிராஸ்போ’ எனும் குறுக்குவில் ஏந்தியவர்கள் இல்லாமல் இருக்காது. சாதாரண வில்லில் தேர்ச்சி பெற வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும். குறுக்குவில்லைச் சீக்கிரமே கற்றுக்கொள்ளலாம். 1139-ல் இரண்டாம் லாத்தரன் சங்கம் கிறிஸ்தவர்கள் மீது வில்லாளிகளும் குறுக்குவில்லாளிகளும் அம்பு எய்யக் கூடாது என்று தடை போட்டது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1199-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் செத்ததே குறுக்குவில் அம்பு பட்டுத்தான்.

ஆனால், ஒருமுறை எய்துவிட்டு மறுபடி நாணேற்ற நேரம் பிடிக்கும். அதுவரை ஒளிந்துகொள்ள ‘பாவிஸ்’ என்ற ஆளுயரக் கேடயம் இருந்தது. 1346-ல் கிரெசி போரில் பிரெஞ்சு மன்னருக்காகக் கூலிக்குப் போரிட்ட ஜெனோவா வீரர்களின் பாவிஸ்கள் பின்னால் வந்த வண்டிகளிலேயே தங்கிவிட்டன என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள். மறைவு இல்லாமல் நின்றவர்களை இங்கிலாந்தின் நீள்வில் அம்புகள் சிதறடித்தன. ஆக, கிரெசி படையைத் தீட்டுபவர், கேடயத்தில் செஞ்சிலுவை எவ்வளவு அழகாக வந்தாலும் அதைக் கையில் கொடுக்க வேண்டுமா என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

எப்படித் தீட்டுவது?

* பொம்மையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, அச்சுக் கோடுகளைச் சுரண்டி எடுக்க வேண்டும்.
* அடுத்து பிரைமர். அதன்மேல் தண்ணீர் கலந்த அக்ரிலிக் பெயின்ட், மெல்லிய இரண்டு பூச்சுகள்.
* மடிப்புகளில் நீர்த்த கரும்பழுப்பு. மேடான இடங்களில் கொஞ்சம் வெளிர்நிறம். முகத்துக்கு உயிர் வருவது இங்கேதான்.
* கடைசியாக, கை பட்டு நிறம் உரியாமல் இருக்க வார்னிஷ்.

ஊட்டி, குன்னூர்வாசிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈரக்காற்றில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தால் பொம்மை மேல் வெள்ளையாகப் படலம் படிந்து, ஒரு வார உழைப்பும் போச்சு! மழைக்காலத்தில் பிரஷ்ஷால் பூசும் பிரைமரும் வார்னிஷும்தான் சேஃப்.

மலைவாசிகளுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. டீ போட்டு வடிகட்டிய தேயிலைச் சக்கையை நன்றாகக் காயவைத்து, பொம்மையின் அடித்தட்டில் பசை தடவித் தூவினால் அசல் காட்டுச் சருகு மாதிரியே இருக்கும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்துவிடும், ஜாக்கிரதை.

சரி, நம்ம ஊர் வில்லாளி?

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சோழர் படையில் வில்லாளிகள் இருந்ததற்குக் கல்லிலேயே சாட்சி உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘பண்டித சோழத் தெரிந்த வில்லிகள்’ என்ற படைப்பிரிவின் பெயர் வருகிறது. ‘தெரிந்த’ என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட. செங்கம் பகுதி நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்திய வீரர்களைப் பார்க்கலாம். ஆனால், வேட்டியின் நிறம் என்ன, கச்சையின் நிறம் என்ன என்று கல் சொல்லாது.

நிறத்துக்கு அருகில் நம்மைக் கொண்டுபோகும் சாட்சி பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய சுவரில் இருக்கிறது. 1931-ல் எஸ்.கே.கோவிந்தசாமி, நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதைக் கண்டறிந்தார். அவற்றில் ஒன்று, தேரில் வில்லோடு நிற்கும் திரிபுராந்தகர். சோழர் காலத்து ஓவியரே தீட்டிய வில்லாளி! ஆனால், அவர் சிவபெருமான். சம்பளத்துக்குப் போருக்குப் போன சிப்பாய் அல்ல.

ஐரோப்பியர்களுக்கும் இது முழுசாக வசதி இல்லை. கிரெசி போரைக் காட்டும் புகழ்பெற்ற ஃப்ரூவாசார் சுவடி ஓவியம், போர் நடந்து நூறு வருடத்துக்கும் மேல் கழித்து வரையப்பட்டது. அதில் இருப்பது பெரும்பாலும் ஓவியர் காலத்து உடைகள்.

அதனால் என்ன?

ஒரு பொம்மைக்கு என்ன நிறம் அடித்தால் என்ன என்று தோன்றலாம். ஆனால், படம் இன்ஸ்டாவில் ஏறியதும் கதை மாறுகிறது. ‘சோழர் சீருடை’ என்று யாரோ ஷேர் செய்வார்கள். நாலு ஃபார்வர்டு தாண்டினால் ஊகம் வரலாறாகிவிடும். 2022-ல் ‘பொன்னியின் செல்வன்’ வந்த பிறகு, சோழர் என்றாலே அந்தத் திரை நிறங்கள்தானே பலருக்கு ஞாபகம் வருகிறது?

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அடித்தட்டின் கீழே இரண்டு வரி எழுதிவையுங்கள்: ‘வில், வாள்: நடுகல் ஆதாரம். சிவப்புக் கச்சை: என் ஊகம்.’ படத்தைப் பதிவிடும்போது அந்த இரண்டு வரியையும் சேர்த்தே போடுங்கள்.